பழுதுபார்ப்பதா, புதுப்பித்ததை வாங்குவதா, புதிதா, சேவையா? சுழற்சி முறைக் கொள்முதலுக்கு ஓர் ஒப்பீடு

பொது அமைப்பு ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருப்பவருக்கு இன்று இரண்டு பக்கமிருந்தும் நெருக்கடி. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல், பொருள்கள் மீண்டும் மீண்டும் பயன்பாட்டுக்கு வரும்படி கொள்முதலைத் திட்டமிட வேண்டும் என்று கொள்கை ஆவணம் சொல்கிறது. குறைந்த விலைப்புள்ளியை விட்டு வேறொன்றைத் தேர்ந்தால் காரணம் கேட்கத் தணிக்கை காத்திருக்கிறது. இதற்கு நடுவில் நூற்றுக்கணக்கான நாற்காலிகளும் கணினிகளும் விளக்குகளும் நிதியாண்டு முடிவதற்குள் வந்து சேர்ந்தாக வேண்டும். இருப்பதையே சரிசெய்து ஓட்டலாமா, புதுப்பித்த பொருளை வாங்கலாமா, பசுமைத் தரச்சான்றுள்ள புதுப்பொருளைக் கேட்கலாமா, பொருளை வாங்காமல் சேவையாக எடுத்துக்கொள்ளலாமா என்று தயங்கி நிற்பவர்களுக்காக இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது.

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் உறுப்பு நாடுகளில் அரசுக் கொள்முதல் மட்டும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் சந்தை செய்யக் கற்றுக்கொள்ளும். ஜப்பான் 2000ஆம் ஆண்டிலேயே பசுமைக் கொள்முதலுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறியாணை வாழ்நாள் செலவைக் கணக்கிட்டு ஒப்பந்தம் தர வெளிப்படையாக இடம் கொடுத்தது. 2015இல் ஐக்கிய நாடுகளின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 12.7ஆவது இலக்காக நீடித்த பொதுக் கொள்முதல் சேர்ந்தது. 2017இல் நீடித்த கொள்முதலுக்கான ஐஎஸ்ஓ 20400 என்ற பன்னாட்டு வழிகாட்டித் தரநிலை வெளிவந்தது. எனவே பல நாடுகளில் சட்டம் இப்போது தடையாக இல்லை. எந்தப் பொருளுக்கு எந்த வழி என்ற தெளிவுதான் குறைவாக இருக்கிறது.

## எந்த அளவுகோல்களைக் கொண்டு எடைபோடுவது

அளவுகோல்களை விலைப்புள்ளி கோருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். உறைகளைத் திறந்த பிறகு சேர்க்கும் அளவுகோல், எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், யாரோ ஒருவருக்குச் சாதகமாகச் சேர்த்ததாகவே மற்றவர்களுக்குத் தோன்றும்.

பாதிப்பு எந்தக் கட்டத்தில் குவிகிறது? எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. மடிக்கணினியின் கரிமத் தடத்தில் பெரும்பகுதி, அதை முதன்முறை இயக்குவதற்கு முன்பே, சில்லுகளையும் திரையையும் செய்யும்போதே ஏற்பட்டு முடிந்துவிடுகிறது. மேசை நாற்காலிகளின் நிலையும் இதுவே. அவை மின்சாரம் உண்பதில்லை. பழைய குளிரூட்டி, நாளெல்லாம் எரியும் பழைய விளக்கு, டீசல் பேருந்து ஆகியவற்றில் கணக்கு தலைகீழ்: செய்யும்போது ஏற்பட்ட பாதிப்பைப் போலப் பல மடங்கு ஓடும்போது ஏற்படுகிறது. முதல் வகையில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஆதாயம். இரண்டாம் வகையில் பழையதைக் கட்டிக் காப்பதே நட்டமாகலாம். "பழையதைப் பயன்படுத்துவது எப்போதும் நல்லது" என்ற பொதுவிதியும், "புதியது எப்போதும் சிக்கனமானது" என்ற பொதுவிதியும் இந்த இடத்தில் உடைந்துபோகின்றன.

வாழ்நாள் செலவு. வாங்கும் விலை, மின்சாரம், எரிபொருள், பராமரிப்பு, உதிரிபாகம், இறுதியில் அகற்றும் செலவு அல்லது திரும்பக் கிடைக்கும் மதிப்பு ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இக்கணக்கில் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஓர் எண் இருக்கிறது. அது தள்ளுபடி விகிதம், அதாவது எதிர்காலத்தில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் ஆண்டு விகிதம். பத்து ஆண்டுகள் கழித்து 100 அலகு மதிப்புக்குப் பொருள் திரும்ப விலைபோகும் என்று வையுங்கள். ஆண்டுக்கு 10 சதவீத விகிதத்தில் அதன் இன்றைய மதிப்பு 39 அலகைக்கூட எட்டாது. 3 சதவீத விகிதத்தில் அது 74 அலகு. விகிதத்தை மாற்றினால் வெற்றி பெறும் விலைப்புள்ளியே மாறிவிடும். ஆகவே எந்த விகிதம், எத்தனை ஆண்டு என்பதை டெண்டர் ஆவணத்திலேயே அச்சிட்டுவிட வேண்டும்.

கடைசி நாளில் பொருள் யார் பொறுப்பில் இருக்கும்? என் கருத்தில் சுழற்சி முறைக் கொள்முதலின் உயிர்நிலை இதுதான். மறுசுழற்சிப் பொருளால் செய்த நாற்காலி என்று பெருமையாக வாங்கிவிட்டு, பத்தாண்டு கழித்து அதைக் கழிவு என்று பதிவேட்டில் எழுதி, கிடங்கின் மூலையில் அடுக்கி, கடைசியில் எடைபோட்டு ஏலம் விட்டால் அந்தக் கொள்முதல் பாதிதான் நடந்திருக்கிறது. வாங்கும் நாளிலேயே விடைபெறும் நாளுக்கும் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு, அதாவது விற்றவரே பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் மீளப்பெறும் பிரிவு, இருக்க வேண்டும்.

சரிபார்க்க முடியுமா, சட்டத்தில் நிற்குமா? சரிபார்க்க முடியாத நிபந்தனை நேர்மையான விற்பனையாளரைத்தான் தண்டிக்கும். பொய் சொல்லத் துணிந்தவர் எளிதாகக் கையெழுத்திட்டுவிடுவார்.

சந்தையில் ஆள் இருக்கிறார்களா? நிபந்தனைகளை நிறைவேற்றக்கூடியவர்கள் எத்தனை பேர், அவர்களில் சிறு நிறுவனங்கள் உண்டா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் கோரிய டெண்டர்கள் பல ஒற்றை விலைப்புள்ளியோடு முடிகின்றன.

## வழி ஒன்று: இருப்பதன் ஆயுளை நீட்டித்தல்

இது பல கொள்முதல் கோப்புகளில் ஒரு தெரிவாகவே எழுதப்படுவதில்லை. "தேவை எழுந்துள்ளது" என்ற முதல் வரியிலேயே வாங்குவது முடிவாகிவிடுகிறது. எத்தனை பொருள் உண்மையில் பயனற்றுப் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்த அறிக்கை அந்தக் கோப்பில் இருக்காது.

அலுவலக நாற்காலியையே எடுத்துக்கொள்வோம். அது கழிக்கப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: உயரத்தைத் தாங்கும் வாயுத்தண்டு இறங்கிவிட்டது, சக்கரம் உடைந்தது, இருக்கைத் துணி கிழிந்து நுரை தெரிகிறது. எஃகுச் சட்டத்துக்கோ ஐந்து கிளை அடித்தளத்துக்கோ பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. வாயுத்தண்டையும் சக்கரத்தையும் எளிய கருவிகளோடு சிறிது நேரத்தில் மாற்றிவிடலாம். ஆகவே புதிய டெண்டருக்கு முன் இருக்கும் நாற்காலிகள் அனைத்தையும் மூன்று பட்டியலாகப் பிரிக்க வேண்டும்: அப்படியே பயன்படுபவை, ஒரு பாகம் மாற்றினால் பயன்படுபவை, சட்டமே போனவை. மூன்றாவது பட்டியலின் நீளம்தான் உண்மையான தேவை. அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகும் முதலில் எழுதிய எண்ணிக்கையே நிற்குமானால் தாராளமாக வாங்கலாம்.

கணினிகளில் நினைவகத்தைக் கூட்டுவது, சுழலும் வன்தட்டை நீக்கி திடநிலை வட்டைப் பொருத்துவது, மின்கலத்தை மாற்றுவது ஆகிய மூன்றும் சேர்ந்து சாதாரண அலுவலகப் பணிக்குச் சில ஆண்டுகளைக் கூட்டித் தரும். ஆனால் மென்பொருள் ஆதரவு என்ற சுவர் ஒன்று குறுக்கே நிற்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்த பதிப்பு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட செயலிகளையும் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பல இந்த ஒரு காரணத்தால் ஒதுக்கப்பட்டன. லினக்ஸுக்கு மாறுவது ஒரு வழிதான் என்றாலும், அலுவலகம் பயன்படுத்தும் செயலிகள் அதில் இயங்குமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்காமல் அந்த முடிவை எடுக்கக்கூடாது.

மறைந்திருக்கும் செலவுகள் பணத்தைவிட நிர்வாகத்திலேயே அதிகம். புதுப்பொருள் மூலதனச் செலவுத் தலைப்பில் வருகிறது. பழுதுபார்ப்பு பராமரிப்புத் தலைப்பில் வருகிறது. முதலாவதில் தாராளமாகவும் இரண்டாவதில் கைக்கடக்கமாகவும் ஒதுக்கினால், அதிகாரி எவ்வளவு நல்லெண்ணம் கொண்டவராக இருந்தாலும் வாங்குவதுதான் எளிது. ஆண்டு முடிவில் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகும் முறையும் அதே திசையில் தள்ளுகிறது. இதை மாற்றுவது கொள்முதல் பிரிவின் கையில் மட்டும் இல்லை. நிதிப்பிரிவு வரவுசெலவுத் திட்டம் தயாரிக்கும் கட்டத்திலேயே சேர்ந்து உட்கார வேண்டும். உதிரிபாகம் கிடைக்காமை, பழுது நேரத்தில் வேலை நிற்பது ஆகியவையும் கணக்கில் வர வேண்டியவை.

மின்சாரத்தை விழுங்கும் பழைய கருவிகள், பாதுகாப்புக் காலக்கெடு கடந்த மருத்துவக் கருவிகள், தீயணைப்பான்கள் ஆகியவற்றுக்கு இந்த வழி பொருந்தாது.

## வழி இரண்டு: புதுப்பித்த அல்லது மறு உற்பத்தி செய்த பொருள்

துடைத்துச் சரிபார்த்துத் தருவது ஒன்று. பழுதான பாகங்களை மாற்றித் தருவது இன்னொன்று. முழுவதும் பிரித்து, தேய்ந்தவற்றைப் புதிதாக்கி, புதுப்பொருளுக்குரிய சோதனைகளில் தேறவைத்துத் தருவது மூன்றாவது; இதுவே மறு உற்பத்தி. மூன்றுக்கும் விலை வேறு, உத்தரவாதம் வேறு. டெண்டரில் எது வேண்டும் என்று சொல்லாவிட்டால் முதலாவதுதான் குறைந்த விலையோடு வந்து நிற்கும்.

இவ்வழி பெரிய அளவில் இயலும் என்பதற்கு நல்ல சான்று, வேல்ஸ் நாட்டின் பொது சுகாதார அமைப்பு 2016இல் கார்டிஃபில் தன் அலுவலகத்தை அமைத்த விதம். 2,500க்கும் மேற்பட்ட தளவாடங்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவை மறுபயன்பாட்டுப் பொருள்களாகவோ மறு உற்பத்தி செய்தவையாகவோ இருந்தன. பழைய அலுவலகங்களிலிருந்து வந்த மேசைகள் அளவு மாற்றப்பட்டன, நாற்காலிகள் புதுத்துணி கண்டன. அந்த அமைப்பு டெண்டரில் பொருளின் பெயரையும் அளவையும் வரிசையிட்டு முடித்துவிடாமல், எப்படிப்பட்ட பணியிடம் தேவை என்பதை விவரித்து, ஏற்கெனவே தன்னிடம் உள்ளவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும்படி கேட்டது. பாராட்டத்தக்க இந்த அணுகுமுறையை வேறு எங்கும் பின்பற்றலாம்.

பெரும்பாலான இடங்களில் இந்த வழியை அடைப்பது, டெண்டர் மாதிரிப் படிவத்தில் வழிவழியாக வரும் ஒரே வரி: "பொருள்கள் புத்தம் புதியனவாகவும் இதற்கு முன் பயன்படுத்தப்படாதவையாகவும் இருத்தல் வேண்டும்." இதை நீக்கி, "மறு உற்பத்தி செய்த பொருளும் ஏற்கப்படும், அது புதுப்பொருளுக்குரிய அதே செயல்திறன் சோதனைகளில் தேறியிருப்பதோடு அதே உத்தரவாதக் காலத்தையும் கொண்டிருக்க வேண்டும்" என்று எழுதினால், விலைப்புள்ளியில் யாரையும் விலக்காமலேயே கதவு திறந்துவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். விற்பனையாளர்கள் சொல்லும் "முதல் தரம்", "இரண்டாம் தரம்" என்பவற்றுக்குப் பொதுவான வரையறை இல்லை. ஒருவரின் முதல் தரம் மற்றவரின் இரண்டாம் தரமாக இருக்கலாம். ஆகவே தரத்தின் பெயரை விட்டுவிட்டு அளவைக் கேட்க வேண்டும்: மின்கலம் முழுமையாக ஏறியபோது தாங்கும் திறன் வடிவமைப்புத் திறனில் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, திரையில் செயலிழந்த புள்ளி இருக்கக்கூடாது, இயங்குதளத்துக்கு இத்தனை ஆண்டு பாதுகாப்பு இற்றைப்படுத்தல் மீதமிருக்க வேண்டும் என்பது போல. வந்து இறங்கும் சரக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்க ஆள் வேண்டும். அந்த ஆளின் நேரமும் செலவே. ஒரே மாதிரியான பொருள் பெரும் எண்ணிக்கையில் ஒரே நேரத்தில் கிடைப்பது அரிது. ஐந்தாறு மாதிரிக் கணினிகள் கலந்து வந்தால் அவற்றைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பிரிவின் சுமை கூடும். பயன்படுத்திய மின்னணுப் பொருள் எல்லை கடந்து வருமானால், கழிவுகள் நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையின் விதிகள் குறுக்கிடும். 2025 ஜனவரி 1 முதல் எல்லாவகை மின்னணுக் கழிவும் அதன் முன்னனுமதி முறைக்குள் வந்திருப்பதால், வருவது பொருளா கழிவா என்பதை ஆவணத்தோடு நிறுவ வேண்டியிருக்கும்.

தளவாடங்கள், சாதாரண அலுவலகக் கணினிகள், அச்சுப்பொறி மைக்கலன்கள் ஆகியவற்றுக்கு, உள்ளூரில் புதுப்பிப்போர் குறைந்தது மூன்று நான்கு பேர் இருந்தால், இதுவே என் முதல் பரிந்துரை.

## வழி மூன்று: புதிது, ஆனால் நிபந்தனையோடும் மதிப்பெண்ணோடும்

பெரும்பாலான அமைப்புகள் தொடங்குவது இங்கேதான். தவறாகச் செய்வதும் இங்கேதான் அதிகம்.

தொழில்நுட்ப விவரக்குறிப்பில் குறைந்தபட்ச நிபந்தனை வைப்பது ஒரு முறை; சிறப்பாகச் செய்பவருக்கு மதிப்பெண் தருவது மற்றொரு முறை. நிபந்தனைக்குத் தரச்சான்றுகள் உதவுகின்றன. ஜெர்மனியின் நீல தேவதை 1978 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல் முத்திரை 1992 முதலும் இருந்து வருகின்றன. ஆனால் "இன்ன முத்திரை பெற்றிருக்க வேண்டும்" என்று எழுதுவதில் ஆபத்து உண்டு. நெதர்லாந்தின் நோர்ட் ஹாலண்ட் மாகாணம் காபி இயந்திரங்களுக்கான டெண்டரில் குறிப்பிட்ட இரு முத்திரைகளைக் கோரியது; 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் தவறு என்றது. முத்திரைக்குப் பின்னாலுள்ள அளவுகோல்களைத்தான் கேட்கலாமே தவிர, அந்த முத்திரையையே ஒரே வழியாக்கக்கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2014ஆம் ஆண்டு நெறியாணை பின்னர் முத்திரையைக் கேட்க இடம் தந்தது, அதற்கு இணையானவற்றையும் ஏற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு. "அல்லது அதற்கு இணையானது" என்ற சொற்றொடரை எந்த நாட்டில் இருப்பவரும் விட்டுவிடாமல் எழுதுவது நல்லது.

மதிப்பெண் முறைக்குத் துணை நிற்பது 2002இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த ஹெல்சின்கி பேருந்து வழக்கின் தீர்ப்பு. குறைந்த நைட்ரஜன் ஆக்சைடு உமிழ்வுக்கும் குறைந்த ஒலிக்கும் அந்நகரம் கூடுதல் மதிப்பெண் தந்தது. அதை எல்லா நிறுவனங்களும் பெற முடியாது என்று தோற்ற நிறுவனம் வாதாடியது. அளவுகோல் ஒப்பந்தப் பொருளோடு தொடர்புடையதாக இருந்து, முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, பாரபட்சமற்றதாக இருந்தால் போதும். சிலரே அதை எட்ட முடியும் என்பது மட்டும் பாரபட்சமாகாது என்று நீதிமன்றம் சொன்னது.

மதிப்பெண் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. விலைக்கு 70 மதிப்பெண் என்று வைத்து, குறைந்த விலையை ஒருவரின் விலையால் வகுத்து 70ஆல் பெருக்கும் வழக்கமான வாய்பாட்டை எடுத்துக்கொள்வோம். முதலாமவரின் விலை 100, இரண்டாமவரின் விலை 108. முதலாமவருக்கு 70 மதிப்பெண், இரண்டாமவருக்கு 64.81. இடைவெளி 5.19. சுற்றுச்சூழலுக்கு 5 மதிப்பெண்ணே ஒதுக்கியிருந்தால், மற்றவற்றில் இருவரும் சமமாக இருக்கும்போது, இரண்டாமவர் அந்த ஐந்தையும் முழுதாகப் பெற்று முதலாமவர் ஒன்றுமே பெறாவிட்டாலும் இரண்டாமவர் தோற்பார். அதாவது அந்த ஐந்து மதிப்பெண் ஆவணத்துக்கு அழகு சேர்த்ததோடு சரி. அதையே 15 மதிப்பெண்ணாக்கி, முதலாமவர் 6, இரண்டாமவர் 13 பெற்றால் முடிவு மாறுகிறது. டெண்டர் கோருவதற்கு முன் இப்படி இரண்டு மூன்று கற்பனை விலைப்புள்ளிகளைப் போட்டுப் பார்க்காத மதிப்பெண் பட்டியலை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் பாதிப்பையே பணமாக மாற்றும் முறையும் உண்டு. நெதர்லாந்தின் சாலை, நீர்வழி அமைப்பான ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட், கட்டுமானப் பொருள்களின் சுற்றுச்சூழல் பாதிப்பை டூபோகால்க் என்ற மென்பொருள் மூலம் யூரோ மதிப்பாக்கி, பாதிப்பு குறைந்த விலைப்புள்ளிக்கு மதிப்பீட்டின்போது மட்டும் கற்பனைத் தள்ளுபடி தருகிறது. கட்டுமானம் போன்ற பெரிய ஒப்பந்தங்களுக்கு இது மிகச் சிறந்த முறை; ஆனால் நம்பகமான தரவுத்தளமும் பயிற்சி பெற்றவர்களும் இல்லாத இடத்தில் இதைத் தொடங்கினால் வழக்குகள்தான் மிஞ்சும்.

இவ்வழியின் மறைமுகச் செலவு, உரிமைகோரல்களைச் சரிபார்க்கும் உழைப்பு. "30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள்" என்றால் மக்கள் பயன்படுத்தி எறிந்ததா, ஆலையிலேயே மிஞ்சிய வெட்டுத்துண்டா என்று கேட்க வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், பழுதுபார்க்கும் கையேடு தரப்படுமா, சாதாரணக் கருவிகளால் பிரிக்க முடியுமா என்ற கேள்விகள் மறுசுழற்சிச் சதவீதத்தைவிட அதிகம் பயன் தருபவை என்பது என் உறுதியான எண்ணம். இவற்றைக் கேட்பது மிகையான கோரிக்கை என்று விற்பனையாளர் சொன்னால், ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் திறன்பேசிகளுக்கு, விற்பனை முடிந்த பின் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்று விதித்திருப்பதையும், பிரான்ஸ் 2021 முதல் மடிக்கணினி போன்றவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்ப்புக் குறியீடு அச்சிடச் செய்ததையும் எடுத்துக்காட்டலாம்.

ஓடும்போது பாதிப்பு குவியும் பொருள்களுக்கும், புதுப்பித்த சந்தை உருவாகாத பொருள்களுக்கும் இவ்வழியே சரி.

## வழி நான்கு: பொருளை விட்டுச் சேவையை வாங்குதல்

விளக்கை வாங்காமல் வெளிச்சத்தை வாங்குவது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையம் 2015இல் பிலிப்ஸ் நிறுவனத்தோடு இப்படியோர் ஏற்பாட்டை அறிவித்தது: விளக்குகள் நிறுவனத்துக்கே சொந்தம், நிலையம் வெளிச்சத்துக்குப் பணம் தருகிறது. விளக்கு சீக்கிரம் கெட்டால் நட்டம் அதைச் செய்த நிறுவனத்துக்கே. எனவே பாகம் மாற்றக்கூடியதாகவும் நீண்ட ஆயுளோடும் செய்ய அதற்குக் காரணம் பிறக்கிறது. கடைசி நாளில் பொருள் யார் பொறுப்பில் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறெந்த வழியிலும் கிடையாது.

ஆனாலும், சேவை என்று பெயர் வைத்தாலே சுழற்சி ஆகிவிடும் என்ற நம்பிக்கை பரவியிருப்பது கவலை தருகிறது. மூன்றாண்டுக் கணினிக் குத்தகையைப் பாருங்கள். வாங்கியிருந்தால் ஐந்து, ஆறு ஆண்டு ஓடியிருக்கக்கூடிய கணினியை மூன்றாண்டில் மாற்றும் கட்டாயம் வருகிறது. திரும்பப் போன கணினி அடுத்தவர் கையில் பயன்படுகிறதா, நொறுக்கப்படுகிறதா என்று ஒப்பந்தம் கேட்காவிட்டால், இது புதுப்பொருள் விற்பனையை விரைவுபடுத்தும் ஏற்பாடு மட்டுமே. பக்கத்துக்கு இவ்வளவு என்று தரும் அச்சுப்பொறி ஒப்பந்தத்திலும் இதே சிக்கல்: நீங்கள் அதிகம் அச்சிட்டால்தான் விற்பனையாளருக்கு வருமானம். கட்டணம் எதன்மேல் விதிக்கப்படுகிறதோ அது குறைந்தால் விற்பனையாளருக்கு ஆதாயமா இழப்பா என்ற ஒரே சோதனையை ஒவ்வொரு சேவை ஒப்பந்தத்திலும் போட்டுப் பார்க்கலாம்.

மாதக் கட்டணத்துக்குள் வட்டி ஒளிந்திருக்கிறது. பொது அமைப்பு தானே கடன் வாங்கும் வட்டியைவிட அது பெரும்பாலும் அதிகம். நிறுவனம் நொடித்துப்போனால் கூரையில் பொருத்திய விளக்குகள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு எழும். இடையில் விலகினால் தண்டம் உண்டு. குத்தகை என்பதால் கடன் ஏட்டில் தெரியாது என்ற வசதியும் குறைந்துவருகிறது: பொதுத்துறைக் கணக்கியலுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐபிசாஸ் 43, 2025 ஜனவரி 1 முதல், குத்தகைக்கு எடுத்தவரின் ஏட்டிலேயே பயன்பாட்டு உரிமையையும் கடப்பாட்டையும் காட்டச் சொல்கிறது. கணினிகளைத் திருப்பித் தரும்போது தரவை மீட்க முடியாதபடி அழிக்க வேண்டும். அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தின் 800-88 வழிகாட்டி பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அதன்படி ஒவ்வொரு வட்டுக்கும் சான்றிதழ் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், பிறகு தனிச் செலவாக வந்து நிற்கும்.

தொழில்நுட்பம் வேகமாக மாறுகின்ற, பராமரிப்புக்குச் சிறப்புத் திறன் வேண்டிய, அளவிடக்கூடிய பயனைத் தருகின்ற பொருளுக்கே இவ்வழி ஏற்றது. வெளிச்சம், குளிரூட்டல், மின்தூக்கி, படமெடுக்கும் மருத்துவக் கருவி ஆகியவை அப்படிப்பட்டவை. நாற்காலியைச் சேவையாக எடுப்பதில் பெரிய பொருள் இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | வலிமை | மறைந்திருக்கும் செலவு | கடைசி நாளில் பொறுப்பு |
|---|---|---|---|
| ஆயுளை நீட்டித்தல் | செய்யும்போது ஏற்படும் பாதிப்பு பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது | பராமரிப்பு ஒதுக்கீடு, உதிரிபாகம், மென்பொருள் ஆதரவு | வாங்கியவர் |
| புதுப்பித்தது | விலை குறைவு, உள்ளூர் வேலை | மாதிரிச் சோதனை, கலப்பு மாதிரிகள், குறைந்த எஞ்சிய ஆயுள் | வாங்கியவர். மீளப்பெறும் பிரிவு எழுதினால் விற்றவர் |
| நிபந்தனையோடு புதிது | மின்சாரச் சேமிப்பு, சட்டத் தெளிவு | உரிமைகோரல் சரிபார்ப்பு, மதிப்பெண் வடிவமைப்பு | வாங்கியவர். மீளப்பெறும் பிரிவு எழுதினால் விற்றவர் |
| சேவை | ஆயுளை நீட்டிக்க விற்பவருக்கே காரணம் | வட்டி, விலகல் தண்டம், நிறுவனம் நொடிப்பது | விற்பவர் |

## நான்கையும் கலப்பது

ஒரு வழியை மட்டும் கொள்கையாக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒரே அலுவலகத்தில் நாற்காலிகளைப் பழுதுபார்த்து, பற்றாக்குறைக்குப் புதுப்பித்த மேசைகளை வாங்கி, குளிரூட்டியை வாழ்நாள் செலவு மதிப்பீட்டில் புதிதாக வாங்கி, விளக்கைச் சேவையாக எடுக்கலாம். இதற்கு வேண்டியது முன்கூட்டிய ஆண்டுத் திட்டம். எந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்தப் பொருளின் உத்தரவாதம் எப்போது தீர்கிறது என்ற பட்டியல் கையில் இருந்தால், டெண்டருக்கு ஆறு மாதம் முன்பாகவே சந்தையோடு வெளிப்படையான கலந்தாய்வு நடத்தலாம். அழைப்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். கேட்ட கேள்விகளும் கிடைத்த விடைகளும் எல்லோருக்கும் தெரிய வெளியிடப்பட வேண்டும். அவசரத்தில் தயாராகும் டெண்டர் சென்ற ஆண்டின் ஆவணத்தைத்தான் நகலெடுக்கும், "புத்தம் புதிய" என்ற அந்த வரியோடு.

மீளப்பெறும் பிரிவு வெறும் வாக்குறுதியாக நின்றுவிடாமலிருக்க, அதைப் பணத்தோடு கட்ட வேண்டும். ஒப்பந்தத் தொகையில் ஒரு சிறு பங்கை நிறுத்திவைத்து, பழைய பொருள்களில் எத்தனை மறுபயன்பாட்டுக்குப் போயின, எத்தனை பாகமாகப் பிரிக்கப்பட்டன, எத்தனை நொறுக்கப்பட்டன என்ற கணக்கை ஒப்படைத்த பிறகே விடுவிக்கலாம். பத்தாண்டு கழித்து வரும் மீட்புக்குப் பணத்தை நிறுத்திவைப்பது சிறு நிறுவனத்தை நசுக்கும். ஆகவே இப்போது வாங்கும்போதே இருக்கும் பழையதை எடுத்துச் செல்லும் பொறுப்பை ஒப்பந்தத்தில் சேர்த்து, அந்தக் கணக்குக்கே நிறுத்திவைப்பைப் பொருத்துவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

முதன்முறை முயலும் அமைப்பு முழுத் தேவையையும் புதிய முறையில் கோர வேண்டியதில்லை. தேவையைத் தொகுதிகளாகப் பிரித்து, நான்கில் ஒரு பங்கைப் புதுப்பித்த பொருளுக்கு ஒதுக்கலாம். சிறு நிறுவனங்கள் முன்வைப்புத் தொகையைத் தாங்கும் அளவில் அது இருக்கும். ஒற்றை விலைப்புள்ளியே வந்தாலும் மற்ற தொகுதிகள் பாதிக்கப்படாது. அடுத்த சுற்றில் பங்கை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை அந்தத் தொகுதியில் பதிவான பழுது விகிதமும் வந்திருந்த விலைப்புள்ளிகளின் எண்ணிக்கையும் காட்டும்.